செவலைக்குக் கொரோனா வருமா?

நாமக்கல்,
14.06.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பெரியப்பாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், அந்தப் பக்கம் வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று ராத்திரி போனில் நீங்கள் கேட்டதற்குப் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. சிக்னல் விட்டுவிட்டு வந்தது. நடுவில் பெரியப்பா வேறு, "செவலையை வித்துரலாமான்னு கேளு" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்கலாம். பால் சொசைட்டியில் யாராவது கேட்டால் இதையே எடுத்துக் காட்டலாம்.

முதலில் பதில். காரணங்களைப் பிறகு ஆற அமரப் படித்துக்கொள்ளுங்கள். கொரோனாக் காய்ச்சலோடு பேரன் பால் கறந்தானே, அதனால் செவலைப் பசு படுத்துவிடுமோ என்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. கன்றுக்கும் ஆடுகளுக்கும் அதே பதில்தான். கோழிகளைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம், சொசைட்டிக்கும் ஊற்றலாம். உங்கள் கட்டுத்தறியில் மனிதரிடமிருந்து இந்த நோயைச் சுலபமாக வாங்கிக்கொள்ளக்கூடிய ஜீவன் ஒன்றே ஒன்றுதான்: தவிட்டு மூட்டை மேல் படுத்துக் கிடக்குமே, அந்தப் பூனை. அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை!

இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. ஜெர்மனியின் வடக்கே பால்டிக் கடலில் ரீம்ஸ் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அங்கே கால்நடை நோய்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம், ஃப்ரீட்ரிச் லோஃப்லர் என்பவர் பெயரில். கோமாரி நோய் வைரஸால் வருகிறது என்று 1898இல் கண்டுசொன்ன இருவரில் ஒருவர் அவர். ஆராய்ச்சி செய்கிற இடத்திலிருந்தே கோமாரி ஊர் மாடுகளுக்குப் பரவிவிடக் கூடாதே என்று 1910இல் தீவில் கொண்டுபோய்க் கூடம் அமைத்தார். 2020இல் கொரோனா வந்ததும் உலகமே மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தத் தீவுக்காரர்கள், "பண்ணையில் வேலை செய்கிறவருக்கு நோய் வந்தால் மாடு, பன்றி, கோழிக்கு ஒட்டுமா?" என்று நீங்கள் கேட்ட இதே கேள்வியைக் கேட்டார்கள்.

பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் மூக்கு வழியாக வைரஸைக் கொடுத்தார்கள். கொடுக்காத சிலவற்றையும் அவற்றோடு ஒன்றாக விட்டார்கள். மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் சளி எடுத்துப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கும் தொற்றவில்லை. சீனாவில் ஹார்பின் கால்நடை ஆராய்ச்சி நிலையத்திலும் பன்றி, கோழி, வாத்து மூன்றையும் சோதித்தார்கள். முடிவு அதேதான். கனடாவில் பிறகு செய்த சோதனையில் ஒரு பன்றியின் நிணநீர்க் கட்டியில் மட்டும் உயிருள்ள வைரஸ் கிடைத்தது. அதுவும் மற்றப் பன்றிகளுக்குப் பரவவில்லை.

மாட்டுக்கு வருவோம். ரீம்ஸ் தீவில் 6 மாடுகளுக்கு மூக்கில் வைரஸைக் கொடுத்தார்கள். அவற்றில் 2 மாடுகளில் மட்டும் வைரஸ் கொஞ்சமாகப் பெருகியது. கூடவே கட்டியிருந்த 3 மாடுகளில் ஒன்றுக்கும் ஒட்டவில்லை. வைரஸைப் புட்டியிலிருந்து அளந்து மூக்கில் விட்டே இவ்வளவுதான். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மடியைப் பார்த்து உட்கார்ந்து கறக்கிற பையனிடமிருந்து மாட்டின் மூக்குக்குப் போவது எவ்வளவு இருக்கும்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏன் ஒரு ஜீவனுக்கு வருகிறது, இன்னொன்றுக்கு வருவதில்லை என்று கேட்டீர்கள். போர்க் குழாய் இறக்கும்போது பெரியப்பா பக்கத்தில் நின்று பார்த்திருப்பார். குழாயின் மரையும் கப்ளிங்கின் மரையும் ஒத்திருந்தால் கையால் சுற்றினாலே ஏறிவிடும். வேறு மரையென்றால் நுனிகூடப் பிடிக்காது. கொஞ்சம் ஒத்து, கொஞ்சம் ஒவ்வாமல் இருந்தால் ஒன்றிரண்டு சுற்று ஏறி இறுகி நின்றுவிடும். கொரோனா வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முள் ஒரு மரை. உயிரணுவின் மேல் ஏஸ்-2 என்று ஒரு புரதம் இருக்கிறது, அது மறு மரை. மனிதர், பூனை, சிங்கம், நீர்நாய் வகையறாக்களில் ஒன்று இரண்டு, இவற்றில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. கோழியில் பிடிப்பதே இல்லை. மாடு இரண்டுக்கும் நடுவில்: ஓரிரு சுற்றோடு சரி.

மரை ஒன்றே முழுக் கதை என்றும் நினைத்துவிடாதீர்கள். பன்றியின் ஏஸ்-2 ஆய்வுக்கூடத்தில் வைரஸைப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் உயிருள்ள பன்றிக்கு நோய் வருவதில்லை. அந்தப் புரதம் மூச்சுப்பாதையில் எந்த அளவு இருக்கிறது, உடம்பு எவ்வளவு சுருக்கில் எதிர்த்து நிற்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானமாகிறது. அதனால்தான் கணினியில் கணக்குப் போட்டுச் சொன்னதை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு விலங்கையும் நேரில் சோதித்தார்கள்.

சோதனைக்கூடம் வேறு, பண்ணை வேறு என்று பெரியப்பா மடக்குவார், தெரியும். அதையும் பார்த்தார்கள். ஜெர்மனியில் பண்ணை மாடுகளின் ரத்தம் 1,000 மாதிரி எடுத்துச் சோதித்தபோது 11 மாடுகளில் இந்த வைரஸுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டான அடையாளம் இருந்தது. அதாவது எப்போதோ, யாரோ ஒரு பண்ணைக்காரரிடமிருந்து கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டுக்கு என்று தொழுவம் தொழுவமாகப் பரவவில்லை. இப்படி ஒரு மாட்டோடு நின்றுவிடுகிற தொற்றுக்காக யாரும் மாட்டை விற்க வேண்டியதில்லை.

அப்படியானால் 2020இல் உலகம் முழுக்கக் கால்நடை மருத்துவர்கள் ஏன் பதறினார்கள்? அதற்குக் காரணம் மிங்க் என்று ஒரு பிராணி. நீர்நாய்க்கு உறவு. நீள உடம்பு, குட்டைக் கால், பட்டு மாதிரி மயிர். அந்தத் தோலுக்காகத்தான் ஐரோப்பாவில் அதைப் பண்ணை வைத்து வளர்த்தார்கள். நீளமான கொட்டகை, இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகள் வரிசையாக, கூண்டுக்கு ஒன்றிரண்டு பிராணி. மீன் கழிவும் கசாப்புக் கழிவும் அரைத்த கூழைக் கூண்டின் மேல் கம்பியில் அப்பிக்கொண்டே போவார்கள். மிங்க் கீழிருந்து நக்கித் தின்னும். தீனி போடுகிறவர் ஒரு கொட்டகையைச் சுற்றி வந்தால் ஆயிரக்கணக்கான மூக்குகளுக்கு முன்னால் மூச்சு விட்டிருப்பார்.

2020 ஏப்ரலில் நெதர்லாந்தின் தெற்கே இரண்டு பண்ணைகளில் மிங்க்குகளுக்கு மூக்கு ஒழுகியது, மூச்சு வாங்கியது, சில செத்தன. சோதித்தால் கொரோனா. வேலையாள் யாரிடமிருந்தோ போயிருக்கிறது. போனது அங்கேயே நிற்கவில்லை. கூண்டுக்குக் கூண்டு தாவியது. கொட்டகையின் தூசியிலேயே வைரஸின் தடயம் இருந்தது. பண்ணையைச் சுற்றித் திரிந்த பூனைகளுக்கும் ஒட்டியது. பிறகு அங்கே வேலை செய்கிறவர்கள், குடியிருக்கிறவர்கள், அவர்களோடு பழகியவர்களைச் சோதித்தபோது மூன்றில் இரண்டு பங்கு பேருக்குத் தொற்று இருந்தது. வைரஸின் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்ததில், சிலருக்கு அது மிங்க்கிலிருந்தே திரும்ப வந்திருப்பது தெரிந்தது. மனிதர் கொடுத்ததை விலங்கு வாங்கி, தன்னிடம் கொஞ்ச காலம் வைத்து, சற்றே மாற்றி மனிதருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது.

டென்மார்க்கில் கதை இன்னும் பெரிதாகப் போனது. உலகத்திலேயே மிங்க் தோல் அதிகம் விற்ற நாடு அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள். 2020 நவம்பர் 4ஆம் தேதி பிரதமர் மெட்டே ஃப்ரெடெரிக்சன், நாட்டில் உள்ள மிங்க் மொத்தத்தையும் கொன்றுவிடச் சொன்னார், நோய் வந்த பண்ணை வராத பண்ணை என்ற பேதமில்லாமல். மிங்க்கில் மாறிய வைரஸ் ஒன்று வடக்கு ஜட்லாண்டில் 12 மனிதரிடம் காணப்பட்டது, அது தடுப்பூசிக்கு அடங்காமல் போய்விடுமோ என்ற பயம். ஒன்றரைக் கோடிக்கும் மேலான உயிர்கள். அதற்குப் பிறகுதான், நோய் வராத பண்ணைகளை அழிக்கச் சொல்ல அரசுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பது வெளியே வந்தது. விவசாய அமைச்சர் பதவி விலகினார். அதே மாதக் கடைசியில் கோல்டிங் பக்கம் ஒரு பண்ணைக்காரர் குடும்பத்தைப் பார்க்கப் போன பிரதமர், கேமரா முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொன்றதில் ஒரு பகுதியை ராணுவப் பயிற்சி நிலத்தில் நீளக் குழி வெட்டிப் புதைத்தார்கள். போதிய ஆழம் இல்லை. அழுகிய உடல்களில் வாயு ஏறி, மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தன. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று மறு வருஷம் தோண்டி எடுத்து எரித்தார்கள். நம்ம சொசைட்டி மாதிரி அங்கே பண்ணைக்காரர்களே சேர்ந்து நடத்திய தோல் ஏல நிறுவனம் ஒன்று இருந்தது, கோபன்ஹேகன் ஃபர் என்று பெயர். அதுவும் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில் ஒரு மாதத்தில் போய்விட்டது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், "பண்ணை விலங்குக்குக் கொரோனா வந்தது, கோடிக்கணக்கில் கொன்றார்கள்" என்ற செய்தி அரைகுறையாக நம் ஊர் வரைக்கும் வந்து, அதுதான் இன்று நீங்கள் சொன்ன அந்தச் சந்தைத் தரகர் வாயில் "கொரோனா வீட்டு மாடு" என்று வந்து நிற்கிறது. மிங்க்குக்கு மரை பொருந்தியது, அது ஒன்று. ஆயிரம் ஆயிரமாகக் கூண்டில் அடைத்து, மூக்கோடு மூக்காக வைத்திருந்தது இன்னொன்று. ஒன்றோடு மற்றொன்று சேர்ந்ததால்தான் அந்த நாசம். உங்கள் வேப்பமரத்தடியில் ஒரு செவலையும் ஒரு கன்றும் நாலைந்து ஆடுகளும் நிற்கின்றன. மரையும் பொருந்தவில்லை, நெரிசலும் இல்லை.

"சிங்கத்துக்கே வந்துச்சேம்மா" என்று கேட்டீர்கள். ஆமாம், வண்டலூரில். 2021 ஜூன் 3ஆம் தேதி நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கம் செத்தது. பதினொரு சிங்கங்களைச் சோதித்ததில் 9க்குத் தொற்று. அதே மாதம் 16ஆம் தேதி பத்மநாபன் என்ற 12 வயதுச் சிங்கமும் போய்விட்டது. போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்தில் மரபணுவைப் பார்த்தபோது, அந்தச் சமயம் நம் ஊர்களில் மனிதரை வாட்டிக்கொண்டிருந்த அதே டெல்டா வகைதான் அது என்று தெரிந்தது. அதற்குச் சற்று முன்னால் ஐதராபாத் உயிரியல் பூங்காவிலும் 8 சிங்கங்களுக்கு வந்து குணமானது. சிங்கம் பலசாலி, மாடு சாது, அதனால் சிங்கத்துக்கே வந்தால் மாட்டுக்கும் வரும் என்று கணக்குப் போடக் கூடாது. பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிங்கமும் புலியும் பூனைச் சாதி. பூனைச் சாதிக்கு இந்த வைரஸ் ஒட்டும்.

அதனால்தான் பூனையைச் சொன்னேன். வீட்டுப் பூனைகளுக்கு வீட்டுக்காரரிடமிருந்து தொற்றியது எத்தனையோ நாடுகளில் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் தும்மல், கொஞ்சம் சோர்வு, தானாகச் சரியாகிவிடும். பூனையிடமிருந்து மனிதருக்குத் திரும்பி வருவது மிக அபூர்வம். 2021இல் தாய்லாந்தின் சோங்க்லாவில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஒரு பூனையின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டபோது அது அவர் முகத்தில் தும்மிவிட்டது. முகக்கவசம் இருந்தது, கண்ணுக்குக் கவசம் இல்லை. அவருக்கும் பூனைக்கும் அதன் வீட்டுக்காரருக்கும் வைரஸ் ஒன்றேதான் என்று மரபணுவில் தெரிந்தது. ஆகவே பேரன் குணமாகும் வரை பூனையை மடியில் போட்டுக் கொஞ்ச வேண்டாம். தன் தட்டில் மிச்சம் வைத்ததை அதற்குப் போட வேண்டாம். நாய்க்கும் கொஞ்சம் ஒட்டும், பூனையை விடக் குறைவு. அதே விதியை அதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பூனை சோர்ந்து படுத்திருக்கிறதே என்று பேரனுக்கு வாங்கிய பாராசிட்டமாலில் பாதியை உடைத்துப் பாலில் கரைத்து வைத்துவிடாதீர்கள். கொரோனா கொல்லாத பூனையை அந்த அரை மாத்திரை கொன்றுவிடும். பூனையின் ஈரலால் அந்த மருந்தைச் செரித்துத் தள்ள முடியாது.

பேரன் போனில் தேடிப் பார்த்து, "மாட்டுக்குக் கொரோனா இருக்குன்னு போட்டிருக்கு ஆத்தா" என்று காட்டினானாமே, அவனும் பொய் சொல்லவில்லை. கொரோனா என்பது ஒரு வைரஸின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். மாட்டுக்கென்று தனிக் கொரோனா வெகு காலமாக இருக்கிறது. பிறந்த சில வாரத்துக்குள் கன்று தண்ணீராய்க் கழிந்து கண் உள்ளே போய்ச் சுருண்டு படுக்குமே, அந்தக் கன்றுக்கழிச்சலுக்கு உள்ள பல காரணங்களில் அதுவும் ஒன்று. பிறந்ததும் சீம்பாலைத் தாமதிக்காமல் ஊட்டுங்கள் என்று நாங்கள் கால்நடை டாக்டர்கள் தொண்டை கிழியக் கத்துவது அதற்கும் சேர்த்துத்தான். கோழிக்கும் தனிக் கொரோனா உண்டு. 1931இல் அமெரிக்காவில் முதன்முதலாக அந்த நோயைப் பற்றி எழுதினார்கள். இங்கே நாமக்கல் முட்டைக் கோழிப் பண்ணைகளில் குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் மருந்தோடு போடுகிற ஐ.பி. தடுப்பு மருந்து அந்தக் கோழிக் கொரோனாவுக்குத்தான். இவை எல்லாம் அந்தந்த விலங்கின் சொந்த நோய்கள். நமக்கு 2020இல் வந்தது வேறு.

இன்னொரு வேடிக்கை. மனிதருக்குச் சாதாரணச் சளி கொண்டுவரும் கொரோனா ஒன்று இருக்கிறது, ஓசி-43 என்று பெயர். அதன் மரபணுவை மாட்டுக் கொரோனாவோடு ஒப்பிட்ட பெல்ஜியம் ஆராய்ச்சியாளர்கள், 1890 வாக்கில் மாட்டு வைரஸிலிருந்து மனிதருக்கு வந்திருக்கலாம் என்று 2005இல் கணித்தார்கள். மாட்டோடு மனிதருக்கு இருக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் இன்று நேற்று வந்ததல்ல.

நோயை விட வதந்தி எவ்வளவு நாசம் செய்யும் என்பதற்கு நானே சாட்சி. 2020 பிப்ரவரி, மார்ச்சில், நாட்டில் கொரோனா முழுசாகப் பரவும் முன்பே, கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது. கறிக்கோழியின் பண்ணை விலை உற்பத்திச் செலவில் பாதிக்கும் கீழே போனது. தீனிக்குக் கட்டுப்படியாகாமல் இங்கே பண்ணைக்காரர்கள் தவித்ததைக் கண்ணால் பார்த்தேன். ஐதராபாத்தில் அமைச்சர்கள் மேடையேறி, மக்கள் முன்னால் கோழிக்கறி தின்று காட்டினார்கள். கர்நாடகத்தில் பெலகாவி பக்கம் ஒருவர் தம் கோழிகளை உயிரோடு குழியில் கொட்டி மூடினார். கோழிக்கு அந்த நோய் வரவே வராது என்று ரீம்ஸ் தீவிலிருந்து முடிவு வந்தபோது போன கோழியும் பணமும் போனதுதான். இப்போது உங்கள் தரகர் அதே வேலையைச் செவலையிடம் காட்டுகிறார். வெளியே "கொரோனா வீட்டு மாடு" என்று பேச்சைக் கிளப்பிவிட்டு, உள்ளே வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்பார். விற்றால் அடுத்த சந்தையிலேயே முழு விலைக்குத் தள்ளிவிடுவார். அவருக்கும் தெரியும், மாட்டுக்கு ஒன்றும் இல்லையென்று.

இவ்வளவு சொல்லிவிட்டு, மாட்டுக்கு மனித நோய் எதுவுமே வராது, மனிதருக்கு மாட்டு நோய் எதுவுமே வராது என்று சொன்னேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காசநோய் இரண்டு பக்கமும் போகும். 2009இல் வந்த பன்றிக் காய்ச்சல் மனிதரிடமிருந்து பன்றிப் பண்ணைகளுக்கே திரும்பிப் போனது. மாட்டைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ், கான்சாஸ் பக்கம் கறவை மாடுகள் திடீரென்று தீனி குறைத்தன. பால் சீம்பால் மாதிரி கெட்டியாக மஞ்சளாக வந்தது. சோதித்தால் பறவைக் காய்ச்சல்! மாட்டுக்கு அது இப்படி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மடியில்தான் வைரஸ் பெருகியது, கறவை இயந்திரம் மாட்டுக்கு மாடு கொண்டுபோனது. காய்ச்சாத பாலைக் குடித்த தொழுவப் பூனைகள் செத்தன. கறந்தவர்கள் சிலருக்குக் கண் சிவந்தது. கொரோனாவில் தப்பித்த மாடு இன்னொன்றில் மாட்டிக்கொண்டது. ஆகவே மாட்டின் உடம்பில் மாற்றம் தெரிந்தால், "டாக்டரம்மா ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கா" என்று இந்தக் கடிதத்தைக் காட்டிச் சும்மா இருந்துவிடாதீர்கள். பாலின் நிறமோ கெட்டியோ மாறினால், அசை போடுவது நின்றால், காய்ச்சலோ இருமலோ இருந்தால் 1962க்கு அடியுங்கள். வண்டி வீட்டுக்கே வரும். காசு கிடையாது.

இனி செய்ய வேண்டியது. பேரன் தனி அறையில் இருக்கட்டும், அது முதலில் உங்களுக்காகவும் பெரியப்பாவுக்காகவும். உங்கள் இருவருக்கும் வயதாகிவிட்டது. பெரியப்பாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. பேரனிடமிருந்து செவலைக்குப் போவதை விட உங்களுக்குப் போவதுதான் எனக்குப் பயம். அவன் குணமாகும் வரை பக்கத்துத் தோட்டத்து அக்காவைக் கறக்கச் சொல்லுங்கள். ஒருவேளை அவர்கள் வராவிட்டால், நீங்கள் கறங்கள், அவன் வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் அவன் முகக்கவசம் போட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுக் கறக்கட்டும். மடியை எப்போதும் போல வெந்நீரில் கழுவித் துடைத்தால் போதும். தண்ணீர்த் தொட்டி, தாழி, தவிட்டு வாளி பக்கம் எச்சில் துப்பக் கூடாது. அது கொரோனா இல்லாத நாளிலும் கூடாது.

செய்யக் கூடாததும் இருக்கிறது. மாட்டின் மேல் பிளீச்சிங் பவுடர் தண்ணீரை அடிக்காதீர்கள், மடிக்குச் சானிட்டைசர் தடவாதீர்கள். காம்பு வெடித்து, மடிநோய் வந்து நிற்கும். சிங்கம், நாய் போன்றவற்றுக்கென்று ஹிசாரில் தயாரித்த அனோகோவாக்ஸ் என்ற தடுப்பூசியை 2022இல் மத்திய அரசு வெளியிட்டது. செவலைக்கு அது வேண்டியதில்லை. "மாட்டுக்கும் கொரோனா ஊசி வந்திருக்கு" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதற்குச் செலவழிக்கிற காசில் கோமாரி ஊசி தவறாமல் போட்டிருக்கிறதா, ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி நோய் ஊசியும் துள்ளுமாரி ஊசியும் போட்டாயிற்றா என்று பாருங்கள். உங்கள் பட்டியைக் காலி செய்யக்கூடியவை அவைதான். மழைக்கு முன்னால் போட வேண்டியதைப் போட்டுவிடுங்கள்.

சொசைட்டியில் பால் எடுக்க மாட்டேன் என்று செயலாளர் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். இந்த நோய் மாட்டின் பாலில் இறங்கி மனிதருக்கு வருவதில்லை. தவிர, சேகரித்த பாலைக் குளிர்வித்து, பிறகு 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கித்தான் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். வைரஸ் அதில் பிழைக்காது. வீட்டிலும் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். "பச்சைப்பால் உடம்புக்கு நல்லது" என்று பெரியப்பா கறந்த சூட்டோடு ஒரு டம்ளர் அடிப்பாரே, அதை மட்டும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். கொரோனாவுக்காக இல்லாவிட்டாலும் கன்றுவீச்சு நோய்க்காகவும் காசநோய்க்காகவும்.

பேரனிடம் அத்தை கேட்டதாகச் சொல்லுங்கள். காய்ச்சல் விடவில்லை என்றாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு நாளும் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். உங்களுக்கோ பெரியப்பாவுக்கோ தொண்டை கரகரத்தாலும் அப்படியே. மாட்டைப் பார்க்க நான் இருக்கிறேன். உங்களைப் பார்க்கிற டாக்டரை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

செவலையை விற்காதீர்கள், பெரியம்மா. தரகர் மறுபடி வாசலில் வந்து நின்றால், எங்கள் வீட்டுப் பையனுக்குத்தான் காய்ச்சல், மாட்டுக்கு இல்லை என்று நிமிர்ந்து சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகள்